சோபாவுக்கு அடியிலிருந்து வெளியே வராத நாயைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். சிங்கப்பூரின் ஈசூனில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, பத்தாவது மாடி. நீங்கள், மனைவி, எட்டு வயது மகள், உங்கள் அம்மா. விலங்குநல அமைப்பு ஒன்றிடமிருந்து இரண்டு வயதுப் பெண் நாயைத் தத்தெடுத்து 12 நாள் ஆகிறது. சுங்கை காடுட் தொழிற்பேட்டைப் பக்கம் திரிந்து, வளர்ந்த பிறகு பிடிபட்ட சிங்கப்பூர் ஸ்பெஷல், அதாவது உள்ளூர்க் கலப்பின நாய். பகல் முழுக்க சோபாவுக்கு அடியில் கிடக்கிறது, எல்லாரும் படுத்த பிறகு வெளியே வந்து சாப்பிடுகிறது, சமையலறை ஓரத்தில் சிறுநீர் கழிக்கிறது, லிஃப்ட் கதவு திறந்தாலே தரையோடு ஒட்டிக்கொள்கிறது. மகள் "அதுக்கு என்னைப் பிடிக்கலை" என்று தினமும் அழுகிறாள், அம்மா திருப்பிக் கொடுத்துவிடச் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் இவ்வளவு பெரிய நாயை வீவக வீட்டில் வைக்கவே கூடாது என்கிறார். நாயிடம் ஏதாவது கோளாறா, எத்தனை நாள் பொறுப்பது, திருப்பிக் கொடுத்தால் தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று நினைக்கிறேன்: இது மாறுமா, இல்லை இப்படியேதான் இருக்குமா?

பயந்த நாய்களைத் தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பழக்குவதையும், தத்தெடுத்த குடும்பங்களுக்கு அதற்குப் பிறகு உதவுவதையும் பல வருடமாகச் செய்துவருகிறேன், நாய்ப் பயிற்சி முறையாகவும் படித்திருக்கிறேன். ஆனால் நான் விலங்கு மருத்துவர் இல்லை, உங்கள் நாயை நேரில் பார்க்கவும் இல்லை. அதனால் எது உறுதியாகத் தெரியும், எது என் அனுபவத்தில் பார்த்தது, எது ஆளுக்கு ஆள் மாறும் என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். முன்பு வீவக வீடுகளில் அனுமதிக்கப்பட்ட சிறிய இன நாய்களை மட்டும்தான் வைக்க முடியும். 2012-ல் புராஜெக்ட் அடோர் என்ற திட்டம் வந்த பிறகு, அதில் சேர்ந்துள்ள விலங்குநல அமைப்புகள் வழியாகக் கலப்பின நாய்களையும் தத்தெடுக்க வழி பிறந்தது. ஆரம்பத்தில் 15 கிலோ, 50 செ.மீ. என்று வரம்பு இருந்தது. 2020 மார்ச் முதல் எடை வரம்பையே எடுத்துவிட்டார்கள், தோள்பட்டை வரை உயரம் 55 செ.மீ.க்குள் இருந்தால் போதும். கருத்தடை, மைக்ரோசிப், உரிமம், அடிப்படைப் பயிற்சி எல்லாம் வேண்டும், ஒரு வீட்டுக்கு ஒரு நாய்தான். உங்கள் நாய் இந்தத் திட்டத்தில் வந்ததா என்று அமைப்பிடம் ஒருமுறை கேட்டு, தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உரிமமும் மைக்ரோசிப் பதிவும் உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா என்றும் பாருங்கள், அது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன். கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டு உரிமம் 15 வெள்ளிதான், உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் அபராதம் 5,000 வெள்ளி வரை போகலாம்.

இனி நாய்க்கு வருவோம். நீங்கள் எழுதியதிலேயே நல்ல செய்தி இருக்கிறது, கவலையில் நீங்கள் அதைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். சாப்பிடுகிறது, தண்ணீர் குடிக்கிறது, ராத்திரியில் எழுந்து வீட்டைச் சுற்றி வருகிறது, ஒரே இடத்தில் சிறுநீர் கழிக்கிறது, இதுவரை யாரையும் கடிக்கவில்லை. ஆளில்லாத நேரமாகப் பார்த்து வீட்டைத் தெரிந்துகொள்கிறது என்றுதான் இதற்கு அர்த்தம். நான் பயப்படுவது வேறு மாதிரி நாயைப் பார்த்து: ராத்திரியும் வெளியே வராமல், தட்டைத் தொடாமல், கண்ணை விழித்தபடி மூலையில் உறைந்து கிடக்கும் நாய். உங்களுடையது அப்படியில்லை.

ஏன் இவ்வளவு பயம்? இது ஓரளவு உறுதியாகவே தெரிந்த விஷயம். நாய்க்குட்டிக்கு ஏறத்தாழ 3-வது வாரத்திலிருந்து 12, 14-வது வாரம் வரை ஒரு பருவம் உண்டு. அந்த நேரத்தில் எதையெல்லாம் பார்த்து, கேட்டு, முகர்ந்து பழகுகிறதோ அதெல்லாம் அதற்குச் சாதாரணமாகிவிடும். அந்தப் பருவத்தில் வராதது எல்லாம் பிறகு வரும்போது ஆபத்து போலத்தான் தோன்றும். தொழிற்பேட்டையில் பிறந்த நாய்க்கு லாரியும் மழையும் மற்ற நாய்களும் பழக்கம். வழவழப்பான தரை, இரும்புக் கதவு சாத்தும் சத்தம், மிக்சி, குக்கர் விசில், சாமி அறை மணி, தலைக்கு மேல் சுழலும் விசிறி, தானாகத் திறக்கும் லிஃப்ட், இவை ஒன்றும் அதற்குத் தெரியாது. அதோடு அதைப் பிடித்தது, கூண்டில் வைத்தது, அறுவை சிகிச்சை செய்தது எல்லாமே மனிதர்கள்தான். இதை நாயின் கோளாறு என்று சொல்லவே முடியாது. இதுவரை வாழ்ந்த வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் அது சரியாகத்தான் நடந்துகொள்கிறது. பல பேர் "யாரோ அடித்திருப்பார்கள்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அடித்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பழகாமல் போனது ஒன்றே இந்த அளவு பயத்துக்குப் போதும்.

ஆனால் பழக்குவதைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். வெளியில் வளர்ந்த நாய்களுக்கு இங்கே உண்ணிக் காய்ச்சல் சர்வ சாதாரணம். எர்லிக்கியா என்ற கிருமி வெளியே ஒன்றும் தெரியாமல் மாதக்கணக்கில் உடம்பில் இருக்கும், நாய் சோர்ந்து ஒதுங்கியே இருக்கும், நாம் பயம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஈறு வெளிறியிருப்பது, மூக்கில் ரத்தம், காய்ச்சல், எடை குறைவது என்று ஏதாவது இருந்தால் நாளைக்கே போங்கள். ரத்தத் தட்டணு எண்ணிக்கையும் ஒரு சின்னச் சோதனையும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும், வழக்கமாக 28 நாள் மாத்திரையில் கட்டுக்குள் வரும். உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான பபேசியா என்றால் மருந்து வேறு, அதற்கான சோதனையும் வேறு. கொசு பரப்பும் இதயப்புழுவுக்கும் சேர்த்தே பாருங்கள். புழு உடம்பில் புகுந்து சுமார் ஆறு மாதம் கழித்துத்தான் சோதனையில் தெரியும் என்பதால், அமைப்பு முன்பு எடுத்த சோதனையில் "இல்லை" என்று வந்திருந்தாலும் மருத்துவரிடம் அந்தத் தேதியைச் சொல்லுங்கள். பயந்த நாயைக் கிளினிக் கொண்டுபோவதே பெரிய பாடு என்றால், வீட்டுக்கு வரும் மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

சரி, வீட்டில் என்ன செய்வது? முதல் வேலை, அந்தச் சோபாவை அதற்கே விட்டுவிடுங்கள். கை விட்டு இழுக்காதீர்கள், குனிந்து எட்டிப் பார்க்காதீர்கள், மகள் தவழ்ந்து உள்ளே போகவே கூடாது. ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது என்று உறுதியானால்தான் நாய்க்கு வெளியே வரத் தைரியம் வரும். சோபா சமையலறைச் சுவரை ஒட்டி இருந்தால், குக்கர் சத்தம் குறைவாகக் கேட்கும் அறை ஒன்றில் போர்வை போர்த்திய கூண்டு அல்லது மேசையடி ஒன்றைத் தயார் செய்து கதவைத் திறந்து வையுங்கள், போகிறதா பாருங்கள், போகவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது சாப்பாட்டை வைத்து ஒரு எளிய பழக்கம், இதுதான் நான் பார்த்ததில் அதிகம் பலன் தந்தது. உப்பும் மசாலாவும் போடாமல் கோழியை வேகவைத்துச் சின்னத் துண்டுகளாக்கிக்கொள்ளுங்கள். நாயைத் தாண்டிப் போகும்போது நிற்காமல், முகத்தைப் பார்க்காமல் ஒரு துண்டைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். சில நாளில் தலை வெளியே வரும். அப்போது எல்லாரும் செய்வது, துண்டைத் தங்கள் பக்கமாகப் போட்டு நாயை இழுப்பது. அதைச் செய்யாதீர்கள். ஆசையில் கிட்டே வந்துவிடும், வந்தபிறகுதான் எவ்வளவு கிட்டே வந்துவிட்டோம் என்று உணர்ந்து பதறும். துண்டை நாய்க்குப் பின்புறமாக எறியுங்கள். விலகிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, திரும்பி வரலாமா வேண்டாமா என்று அதுவே முடிவு செய்யட்டும். திரும்பி வந்தால் அது தானாக வந்தது, அந்த ஒரு அடி நிலைக்கும்.

உங்கள் மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். தினமும் பத்து நிமிடம், சோபாவிலிருந்து நன்றாகத் தள்ளி, நாய்க்குப் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து ஏதாவது சத்தமாகப் படிக்கட்டும், தமிழ்ப் பாடப் புத்தகமே போதும். ஒரே சீரான குரல், அசையாத உடம்பு, தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற நிம்மதி, இது மூன்றும் பயந்த நாய்க்கு நல்லது. காப்பகங்களிலும் குழந்தைகளை இப்படி வாசிக்க வைப்பது உண்டு. "அதுக்கு உன்னைப் பிடிக்கலைன்னு இல்லைம்மா, அதுக்கு இன்னும் யாரையுமே தெரியாது" என்று அவளிடம் சொல்லுங்கள், எட்டு வயதுக்கு அது புரியும். பெரியவர் ஒருவர் எப்போதும் கூடவே இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். நாய் உறுமினால் திட்டாதீர்கள், மெதுவாக எழுந்து விலகுங்கள். உறுமல் அது கொடுக்கும் எச்சரிக்கை. அதைத் திட்டி அடக்கினால் பயம் போகாது, எச்சரிக்கைதான் போகும், அடுத்த முறை நேராகக் கடி.

அம்மாவைப் பற்றி ஒன்று. நான் பார்த்த வீடுகளில் நாய் முதலில் போய் நின்றது, பெரும்பாலும் அதைக் கண்டுகொள்ளாத ஆளிடம்தான். நாற்காலியில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டு, நாயைக் கூப்பிடாமல், தொடாமல் இருக்கும் பாட்டிகள் அதற்கு ரொம்பப் பாதுகாப்பாகத் தெரிகிறார்கள். இதை ஒரு விதி என்று சொல்லமாட்டேன், ஆனால் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அம்மா நாயோடு பழக வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம், அவர் வழக்கம்போல இருந்தாலே போதும். அவருக்குப் பயமாக இருந்தால், அவர் அறைக்கும் சாமி அறைக்கும் சின்னத் தடுப்புக் கதவு போட்டுவிடுங்கள். பிறகு பாசம் வந்து சாம்பார் சாதம் ஊட்ட ஆரம்பித்தால் அப்போது தடுங்கள்: வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும், பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். தயிர்சாதம் தாளிக்காமல் கொஞ்சம் கொடுப்பதில் தப்பில்லை.

பயப்படும் நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் அதிகமாகும் என்று யாராவது சொல்வார்கள். பயம் ஒரு உணர்ச்சி, ஆறுதல் சொல்வதால் அது வளராது. இடி இடிக்கும்போது உங்கள் காலடிக்கு வந்தால் தாராளமாக ஆறுதல் சொல்லுங்கள், வராவிட்டால் தேடிப்போய்த் தொடாதீர்கள். அதேபோல "நீதான் தலைவன் என்று காட்டு" என்ற அறிவுரையை ஒதுக்கிவிடுங்கள். கழுத்தை இறுக்கும் பட்டை, அதட்டல், மல்லாக்கப் புரட்டி அழுத்துவது, இவை பயந்த நாயை இன்னும் கெடுக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திட்டத்தின்படி எடுக்க வேண்டிய பயிற்சிக்கும், வீட்டுக்கே வந்து, சாப்பாட்டை வைத்துச் சொல்லிக்கொடுக்கும் ஆளாகப் பாருங்கள், இப்போது பயிற்சிக்குத் தயாராக இல்லை என்றால் அமைப்பிடம் சொல்லி அவகாசம் கேளுங்கள்.

இப்போது நான் அதிகம் கவலைப்படும் இடம், வாசல். புதிதாக வந்த பயந்த நாய் தொலைந்துபோவது, நான் பார்த்தவரை, முதல் சில வாரங்களில்தான், அதுவும் வீட்டுக் கதவிலும் லிஃப்டிலும்தான். இரும்புக் கதவுக் கம்பிகளுக்கு இடையே உடம்பு நுழையுமா என்று அளந்து பாருங்கள், நுழையும் என்றால் இன்றைக்கே வலை கட்டுங்கள். வெளியே போகும்போது கழுத்துப்பட்டைக்கு ஒரு வார், ஹார்னசுக்கு (மார்பைச் சுற்றிப் போடும் பட்டை) ஒரு வார், இரண்டும் உங்கள் கையில் அல்லது ஒன்று இடுப்பில். பயந்த நாய் பின்னோக்கி இழுத்தால் ஒற்றைப் பட்டை நொடியில் கழன்றுவிடும். லிஃப்டில் வாரைக் குட்டையாகப் பிடியுங்கள், கதவு மூடும்போது நாய் ஒரு பக்கமும் நீங்கள் மறுபக்கமும் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒருவேளை ஓடிவிட்டால் துரத்தாதீர்கள், உடனே அமைப்புக்கும், ஏவிஎஸ் என்ற அரசு விலங்கு மருத்துவச் சேவைக்கும் சொல்லுங்கள். மைக்ரோசிப் உங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்று சொன்னது இதற்குத்தான்.

அதனால் இப்போதைக்கு லிஃப்டை மறந்துவிடலாம். நாய்க்குத் தினமும் நடை வேண்டும் என்பது பொதுவாகச் சரி, ஆனால் நடை என்றாலே நடுங்கும் நாய்க்கு இந்த வாரம் அது ஓய்வு தராது, பயத்தைத்தான் கூட்டும். மண்ணில் பழகிய நாய் என்பதால், சமையலறை ஓரத்தில் அது தேர்ந்தெடுத்த அதே இடத்தில் ஒரு தட்டில் செயற்கைப் புல்லோ கொஞ்சம் காய்ந்த இலையும் மண்ணுமோ போட்டு வையுங்கள், அது சிறுநீர் கழித்த துணி ஒன்றையும் மேலே போடுங்கள். ஒரு முழு நாள் சிறுநீரே கழிக்கவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டு நாள் சாப்பாட்டைத் தொடவில்லை என்றாலும் அப்படியே. வீட்டுக்குள் நன்றாக நடமாட ஆரம்பித்த பிறகு, ராத்திரி பதினொன்றுக்கு மேல் நடைபாதை வரை, பிறகு லிஃப்டைத் தள்ளி நின்று பார்ப்பது, பிறகு கதவு திறந்திருக்கும்போது உள்ளே ஒரு துண்டு கோழி, பிறகு ஒரே ஒரு மாடி, இப்படிப் போகலாம். முஸ்லிம் அண்டை வீட்டார் யாராவது லிஃப்டில் இருந்தால் அடுத்ததுக்குக் காத்திருங்கள். நாயின் எச்சில் படுவதைத் தவிர்க்க விரும்புகிறவர்களுக்கு அது மரியாதை, உங்கள் நாய்க்கும் நெரிசல் இல்லாமல் போகும்.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சொல்கிறார்கள். அது ஆராய்ச்சி முடிவில்லை, பொறுமையாக இருக்கச் சொல்வதற்கான கைக்கணக்கு. வளர்ந்த பிறகு பிடிபட்ட நாய்களுக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. சில நாய்கள் ஒரு மாதத்தில் வாலாட்டும், சில ஒரு வருடம் எடுக்கும். வீட்டாரோடு நன்றாகப் பழகிவிடுவது பெரும்பாலான நாய்களுக்கு நடக்கிறது. தேக்கா சந்தைக் கூட்டத்திலும் உறவினர் நிறைந்த வீட்டிலும் சகஜமாக இருப்பது எல்லா நாய்க்கும் நடப்பதில்லை, சிலவற்றுக்கு என்றைக்குமே நடப்பதில்லை. மகளோடு பூங்காவில் ஓடி விளையாடும் நாய்தான் வேண்டும் என்று எடுத்திருந்தால், இந்த நாய் அப்படி ஆகாமலே போகலாம் என்பதை இப்போதே குடும்பமாகப் பேசிக்கொள்ளுங்கள். அமைதிப்படுத்தும் வாசனைப் பட்டை, மெல்லிசை போன்றவற்றால் சில நாய்களுக்குப் பலன் தெரிகிறது, சிலவற்றுக்கு ஒன்றும் இல்லை, கெடுதல் இல்லை என்பதால் முயன்று பார்க்கலாம். கடுமையான பயத்துக்கு மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகளும் உண்டு, தேவைப்பட்டால் தயங்காதீர்கள். அது நாயை மயக்கி வைப்பதற்கல்ல, கற்றுக்கொள்ளும் அளவுக்குப் பயத்தைக் குறைப்பதற்கு. மனிதர்களுக்கான மாத்திரையை நீங்களே கொடுத்துவிட மட்டும் வேண்டாம்.

திருப்பிக் கொடுப்பது தப்பா? இல்லை. வாரத்துக்கு வாரம் ஒரு சின்ன முன்னேற்றம், தலையை நீட்டியது, பகலில் ஒருமுறை தண்ணீர் குடிக்க வந்தது, இப்படி ஏதாவது தெரிந்தால் தொடருங்கள், ஒரு தாளில் எழுதியும் வையுங்கள், ஏனென்றால் தினமும் பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் இரண்டு மாதம் கழித்தும் நாளுக்கு நாள் மோசமாகிறது, சாப்பாடு குறைந்து எடை இறங்குகிறது, குழந்தையைக் கடிக்க வருகிறது, அல்லது அம்மா தன் வீட்டிலேயே தினமும் பயந்து வாழ்கிறார் என்றால், அந்த நாய்க்கு வேறு வகை வீடு வேண்டும். ஒருவேளை வேறு நாய் இருக்கும் தரைவீடு. தெருவில் மற்ற நாய்களோடு வளர்ந்த நாய்கள், துணைக்கு ஒன்று இருந்தால் சில சமயம் வேகமாகத் தேறும். வீவக வீட்டில் இரண்டாவது நாய்க்கு இடமில்லை என்பதால் அந்த வழி உங்களுக்கு இல்லை. அப்போது நாயை அமைப்பிடமே திருப்பிக் கொடுங்கள். இணையத்தில் விளம்பரம் போட்டு யாருக்கோ கொடுப்பதும், பிடித்த இடத்திலேயே விட்டுவிடச் சொல்லும் அறிவுரையும் வேண்டாம். கைவிடுவது குற்றம், முதல் முறைக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. 12 நாள் மட்டும் முடிவெடுக்கப் போதாது என்பது என் உறுதியான எண்ணம்.

கடைசியாக, வரும் சனிக்கிழமை உறவினர்கள் நாயைப் பார்க்க வருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இன்றைக்கே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், இரண்டு மாதம் கழித்து வரட்டும். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் தட்டணு எண்ணிக்கையையும் இதயப்புழுச் சோதனையையும் இங்கே எழுதுங்கள், மருத்துவர் என்ன சொன்னார் என்பதோடு சேர்த்து. அதை வைத்து அடுத்த இரண்டு வாரத்துக்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.